விருந்தில் ஒரு பாற்கட்டித் தட்டம்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். இல்லத்துக்குப் புதியராய் வந்தாரை முதற்கண் விருந்து என்றனர். அவர்க்கு இடும் உணவுக்கும் அப்பெயரே பின்னர் ஆயிற்று. ஆதலின், விழாநாளில் வந்தார்க்கு அவர் முன்பு உண்டறியாத ஒன்றைப் படைத்தல் அச்சொல்லுக்கு இயைந்த செயலேயாம். அத்தகைய புதுமைகளுள் ஒன்று, அண்மைக் காலத்தே நம் நகரத்துத் திருமண வரவேற்புகளிலும் கிறிஸ்மஸ் விருந்துகளிலும் தலைகாட்டத் தொடங்கியுள்ள 'சீஸ்' பலகை. பலவகைப் பாற்கட்டிகளைத் தேர்ந்து, பழமும் பருப்பும் அப்பமும் புடைசூழ, ஒரு மரப்பலகையின்மீதோ அகன்ற தட்டத்திலோ அடுக்கி வைப்பதே அஃது. இதனை மேனாட்டார் வீட்டில் செய்யும் முறை வேறு. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வெயிலும் கடற்காற்றும் வீசும் வீடுகளில் செய்யும் முறை வேறு. பின்னதைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

முதலில் பெயர். இன்று நூல்களிலும் நாளிதழ்களிலும் 'பாலாடைக்கட்டி' என்பர். பாலாடையாவது காய்ச்சிய பாலின்மேல் படரும் ஏடு. இப்பொருளோ அவ்வேட்டினால் ஆவதன்று, பால் முழுவதும் உறைந்து திரண்டு ஆவது. ஆகவே அப்பெயர் பொருளோடு பொருந்தவில்லை என்பது என் துணிபு. தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தோர், தாவீது தன் தந்தையின் ஏவலால் படைத்தலைவனுக்குக் கொண்டுசென்ற பத்தினையும் 'பால்கட்டி' என்றே குறித்தனர். புணர்ச்சி விதிப்படி அதனைப் 'பாற்கட்டி' என்று திருத்திக்கொள்ளின் குறையொன்றும் இல்லை. இலத்தீன் மொழியின் 'காசெயுஸ்' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் 'சீஸ்' என்றும், செருமானியத்தில் 'கேசே' என்றும், இசுப்பானியத்தில் 'கேசோ' என்றும் திரிந்தது. பிரெஞ்சுக்காரரோ அச்சில் வார்க்கப்படுவது என்னும் கருத்தால் 'ஃபுரோமாஜ்' என்றனர்.

பால் திரிதல் நம்மவர்க்கு ஒரு தீக்குறி. அடுப்பில் பால் திரிந்துவிட்டால் அன்னையர் முகம் வாடும். அங்ஙனம் நாம் கொட்டிவிடும் ஒன்றையே பிறர் அறிந்து செய்து பேணினர். பாலில் கேசின் என்னும் புரதம் நுண்டிரள்களாய் மிதக்கின்றது. ஒன்றோடொன்று ஒட்டாவண்ணம் அத்திரள்களைக் காப்பது அவற்றின் புறத்தே மயிர்போல் நிற்கும் ஒரு பகுதி. 'ரென்னட்' என்னும் உறைபொருளில் உள்ள நொதி அப்பகுதியைக் கத்தரித்துவிடும்; காப்பிழந்த திரள்கள் ஒட்டி ஒரே கட்டியாகும். அதனை அறுத்துத் தெளிநீரை வடித்து, உப்பிட்டு, அழுத்தி, குளிர்ந்த அறையில் திங்கட்கணக்கில் கிடத்துவர். அக்காலத்தில் நுண்ணுயிர்கள் புரதத்தையும் கொழுப்பையும் சிறுகச் சிறுக உடைப்பதனாலேயே மணமும் சுவையும் பிறக்கின்றன. நீரை நீக்கலும், உப்பிடலும், காலத்தின் கையில் ஒப்புவித்தலும் ஆகிய இம்மூன்றும் காசிமேட்டு மக்களுக்குப் புதியன அல்ல. மீனுக்குக் கருவாடு எத்தகையதோ, பாலுக்குப் பாற்கட்டி அத்தகையது. முற்றிய துண்டொன்றை முகர்ந்த என் ஆயா, "இன்னாடா இது, பால் கருவாடா?" என்று வினவினார்கள். இதனினும் சுருங்கிய இலக்கணத்தை எந்நூலிலும் யான் கண்டிலேன்.

கடையில் கனசதுரமாகவும் மெல்லிய ஏடாகவும் பொதிந்து விற்பது இவ்வகையின் வேறானது. முற்றிய பாற்கட்டியை உருக்கி, சிலவகை உப்புகளைக் கூட்டிக் குழைத்து, சூடேற்றி வார்த்தது அது. 1911-இல் சுவிட்சர்லாந்திலும் 1916-இல் அமெரிக்காவிலும் உருவாக்கப்பெற்ற முறை. நெடுநாள் கெடாது, ஆனால் அதற்குள் முதிர்ச்சி என்பது நின்றுவிட்டது. குழந்தைகள் விரும்புவர், அவர்க்கு ஒரு கிண்ணத்தில் தனியே வைக்கலாம். பலகைக்கு அது வேண்டா.

இவ்வுணவுக்கும் நம் கரைக்கும் என்ன உறவு என்று கேட்பார் உளர். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் ஒல்லாந்தர் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர்; அவர்தம் கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. அந்நாட்டுக் கப்பல்களின் நெடும்பயண உணவுகளுள் பாற்கட்டியும் ஒன்று. கொழுப்புச் சிறிது நீக்கிய பாலால் உருண்டையாய்ச் செய்யப்படும் 'ஈடம்' என்பது கடற்பயணத்தைத் தாங்கும் உறுதியுடையதாதலின் பெரிதும் புகழ்பெற்றது. ஏற்றுமதிக்குச் சிவந்த மெழுகு பூசப்படுவதும் அதுவே. ஒல்லாந்தர் ஆட்சி நிகழ்ந்த இலங்கையில் அவ்வழக்கம் வேரூன்றியது. அங்குள்ள பறங்கியர் இல்லங்களில் கிறிஸ்மஸ் காலையிலும் புத்தாண்டிலும், முட்டையும் வெண்ணெயும் உலர்திராட்சையும் சேர்த்துப் புளிக்கவைத்துச் சுட்ட 'புருதர்' என்னும் அப்பத்தை ஈடம் துண்டுகளுடன் உண்பர். இனிப்பும் உப்பும் ஒருவாயில் கூடும் அவ்விருந்து நம் அண்டைநாட்டிலேயே வழிவழியாக நடைபெற்று வருவது. இராயபுரத்திலோ, 1910-இல் எழுந்த பார்சிகளின் அக்கினி ஆலயம் உள்ளது. பார்சிகளின் மணவிருந்துச் சிறப்புகளுள் ஒன்று 'டோப்லி பனீர்'. டோப்லியாவது குஜராத்தியில் சிறுகூடை. உறைந்த பாலைச் சிறுகூடைகளில் வார்த்து, பின்னல் வரிகள் மேலே பதியுமாறு எடுத்து, உப்பிட்ட தெளிநீரில் மிதக்க விடுவர். வட இந்தியரின் பனீர் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பினால் திரிவது. இஃது உறைபொருளால் உறைவது. ஆதலின் நாவில் வழுக்கிக் கரையும். தூய இராயப்பர் பெயரால் அமைந்த ஊரில் ஒரு பாற்கட்டித் தட்டம் முற்றிலும் அயலானது என்று சொல்லுதல் எங்ஙனம் கூடும்?

நம் முன்னோரும் கட்டியான பாலை அறியாதவர் அல்லர். ஈன்ற பசுவின் சீம்பாலை வெல்லமும் ஏலமும் கூட்டி ஆவியில் வேகவைத்துத் துண்டுகளாக அறுத்துண்ணும் வழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. அது நிலைத்து நிற்கும் பொருளன்று. அன்றே உண்டு தீர்ப்பது.

இனி, பொருள் கிடைக்குமிடம். முன்னாளில் இவையெல்லாம் துறைமுகத்தில் தகரப்பெட்டிகளாய் வந்து இறங்கின. இன்றோ நம் மாநிலத்துக்குள்ளேயே வேண்டுவன உள. கொடைக்கானல் மலையில் செடார், கவுடா முதலியன செய்யப்படுகின்றன. ஆரோவில்லில் 'லா ஃபெர்ம்' என்னும் பண்ணையினர் பலவகை செய்கின்றனர். குன்னூரை அடுத்த 'ஏக்கர்ஸ் வைல்டு' பண்ணையைத் தோற்றுவித்தவர், 1988-இல் வெளிவந்த 'கயாமத் சே கயாமத் தக்' என்னும் இந்திப் படத்தை இயக்கிய மன்சூர் கான். பம்பாயின் ஆரவாரத்தை விடுத்து மாடும் பாலும் தேடி மலையேறியவர். சென்னையிலேயே 2016-இல் இரு பெண்மணிகள் 'கேசே' என்னும் தொழிலகத்தைத் தொடங்கினர். அயல்நாட்டுச் சரக்கினும் இவை விலை குறைந்தவை. வழியில் கெடும் அச்சமும் குறைவு. கடல் கடந்து வந்தது என்பதற்காகவே ஒன்றை உயர்வென மதிக்கும் மயக்கம் பாற்கட்டியிலும் நம்மை விட்டபாடில்லை.

எம் பெற்றோரின் இருபத்தைந்தாம் மணநாளுக்கு, கப்பலில் சமையற் பணி புரியும் என் சிற்றப்பா இத்தகைய தட்டம் ஒன்றை அமைத்தார். அவர் கற்பித்த முதல் விதி, வகை மிகுதல் கூடாது என்பது. நான்கு போதும், ஐந்துக்கு மேல் உண்பார் நாக்கு ஒன்றையும் பிரித்தறியாது. அந்நான்கும் ஒன்றற்கொன்று வேறுபட வேண்டும். மென்மையானது ஒன்று: வெண்பூஞ்சணம் போர்த்த 'பிரீ' அல்லது 'கமம்பேர்', அன்றிப் புதிய ஆட்டுப்பாற் கட்டி. நடுத்தரம் ஒன்று: கவுடா. உறுதியானது ஒன்று: ஆண்டு முதிர்ந்த செடார். துணிவுடையார்க்கு ஒன்று: நீலநரம்பு ஓடியது. இந்நீலம் சாயமன்று, 'பெனிசிலியம் ரோக்கஃபோர்ட்டி' என்னும் பூஞ்சணத்தை வேண்டுமென்றே விதைத்து, காற்றுப் புக ஊசியால் துளையிட்டு வளர்ப்பது. இதனைக் காணும் நம்மவர் பலர் 'பூசணம் பூத்துவிட்டது' என்று அஞ்சுவர். ஆகவே நீலத்தைச் சிறிய அளவில், பலகையின் ஓரத்தில், பெயரெழுதி வைத்தல் நலம். எம் விருந்தில் அதனைத் தொட்டவர் அறுவரே. ஆனால் அவ்வறுவரும் மீண்டும் வந்தனர்.

இங்கே யான் மிக இன்றியமையாததெனக் கருதும் ஒன்றைக் கூறவேண்டும். எம் தெருவில் புலால் உண்ணாதார் பலர். அவர்களின்றி எம் வீட்டில் எந்த விழாவும் நிகழ்ந்ததில்லை. பாற்கட்டி பாலால் ஆவது, ஆகவே சைவம் என்று எல்லோரும் எண்ணுவர். அஃது எப்போதும் உண்மையன்று. பழைய முறையில் உறைபொருள் பால்குடி மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இத்தாலியரின் 'பார்மிஜானோ ரெஜ்ஜானோ' இன்றும் விதிப்படி கன்றின் உறைபொருளாலேயே செய்யப்படல் வேண்டும். பூஞ்சணத்திலிருந்து எடுக்கும் உறைபொருளும் உண்டு; கன்றின் நொதியையே நுண்ணுயிர்களைக்கொண்டு ஆக்கும் முறைக்கு அமெரிக்க அரசு 1990-இல் இசைவளித்தது. நம் நாட்டில் பொதியப்பெற்ற உணவின்மேல் சதுரத்துள் பச்சை வட்டம் இருப்பின் சைவம் என்று கொள்ளலாம். பழுப்புநிற முக்கோணம் இருப்பின் அன்று. வாங்கும்போதே அக்குறியை நோக்குக. பழுப்புக் குறியுடையது ஒன்றேனும் வாங்க நேர்ந்தால், அதனை வேறு பலகையில், வேறு கத்தியுடன், செய்தியை எழுதி வைக்க வேண்டும். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றிருத்தல் ஆகாது. கேட்கத் தெரியாமையினாலேயே விருந்தினர் நம்மை நம்பி உண்கின்றனர். எம் தட்டத்தில் நான்கும் பச்சைக் குறியுடையனவாகவே அமைந்தன. எதிர்வீட்டு அம்மையார் குறிகளை ஒவ்வொன்றாய்ப் படித்துப் பார்த்தபின், முதல் துண்டை எடுத்தார்கள்.

அளவு பற்றிச் சிறிது. பாற்கட்டியே உணவாயின் தலைக்கு நூறு கிராமுக்கு மேலும் செல்லும். வடசென்னை விருந்திலோ பின்னால் பிரியாணி காத்திருக்கும். நாற்பது கிராம் போதும். இருபது பேருக்கு எண்ணூறு கிராம். நான்கு வகையிலும் இருநூறு இருநூறாகக் கொள்க. உறுதியான பாற்கட்டி ஒரு கிலோவுக்குப் பசுவின் பால் ஏறத்தாழப் பத்து லிட்டர் செல்லும் என்பதை நினைவிற் கொண்டால், விலையைக் கண்டு திகையோம். வீணாக்கவும் மனம் வாராது.

குளிரும் வெப்பமும் பற்றியே மேனாட்டு நூல்கள் நம்மை வழிதவறச் செய்கின்றன. பரிமாறுதற்கு ஒருமணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைக்க என்று அவை கூறும். குளிரில் கொழுப்பு இறுகி மணம் வெளிப்படாது என்பது உண்மையே. ஆயினும் அந்நூலாசிரியர் அறை நம் மார்கழி விடியலினும் குளிர்ந்தது. நம் வீட்டில் உறுதியானவற்றுக்கு அரைமணியும், மென்மையானவற்றுக்குக் கால்மணியும் போதும். ஓரிடத்தில் பந்தலின் கீழ் நண்பகல் தொட்டு வைக்கப்பட்டிருந்த பிரீ ஒன்றை யான் கண்டதுண்டு. மாலையில் அது பலகையிலிருந்து வழிந்து மேசை விரிப்பில் நின்றது. மென்மையானதை ஒருமணி நேரத்துக்கு மேல் வெளியில் விடுதல் தகாது. ஆதலின் பாதியை வைத்துப் பாதியைக் குளிர்ப்பெட்டியில் நிறுத்துக. அகன்ற தாம்பாளத்தில் பனிக்கட்டியை நொறுக்கிப் பரப்பி அதன்மேல் பலகையை வைப்பதும் தக்கதே. நொறுக்கிய பனிக்கட்டியின் அருமையைக் காசிமேட்டாருக்கு யார் கற்பிப்பது? மற்றொன்று: டிசம்பரில் நம் பகுதியில் புயலும் உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்களில் மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. குளிர்ப்பெட்டியில் இருந்தவை எல்லாம் குப்பைக்கே சென்றன. கிறிஸ்மஸுக்கு வாங்குவோர் மென்மையானவற்றை விழாவுக்கு முந்தின நாளே வாங்குதல் அறிவுடைமை. மெழுகு பூசிய கவுடாவும் முதிர்ந்த செடாரும் ஒருவாரம் முன்னரே வரலாம்.

இனித் துணைப்பொருள்கள், பலகையின் அழகும் நம் ஊரின் முத்திரையும் இவற்றிலேயே உள. பிஸ்கத்து வாங்குவதினும் உப்பும் காரமும் குறைத்துச் சுட்ட தட்டை நன்று; அது செடாரின் கீழ் நொறுங்குவது காதுக்கும் விருந்து. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது, மென்மையான கட்டிக்கு ஏற்ற இணை. நீலத்தின் உவர்ப்பைத் தேன் அடக்கும், பேரீச்சம்பழமும் அடக்கும். பண்ருட்டி முந்திரியை வெறுஞ்சட்டியில் வறுத்து இடுக. மசாலா தோய்த்த கடலை வேண்டா; அது பிறவற்றின் மணத்தை விழுங்கிவிடும். ஆனால் இவை எல்லாவற்றினும் தலைசிறந்த துணை இராயபுரத்து ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் கிறிஸ்மஸுக்குக் கிண்டும் 'கொய்யா சீஸ்'. பெயரில்தான் சீஸ், அதில் பால் இல்லை. கொய்யாப்பழக் கூழைச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கூட்டி, சட்டியின் ஓரம் விட்டுத் திரளும்வரை துழாவி, நெய்யோ வெண்ணெயோ தடவிய தட்டில் பரப்பி, ஆறியபின் சாய்சதுரமாக அறுப்பர். அச்சில் இறுகிக் கத்திக்கு நிற்பதால் சீஸ் என்றனர் போலும். வியப்பு யாதெனில், உண்மைப் பாற்கட்டிக்கு இஃது இயல்பான துணை என்பதே. இசுப்பானியர் சீமைமாதுளைக் களியைத் தம் மாஞ்செகோவுடன் உண்பர். பிரேசில் நாட்டார் கொய்யாக் களியையும் வெண்பாற்கட்டியையும் சேர்த்து 'ரோமியோவும் ஜூலியட்டும்' என்று பெயரிட்டு மகிழ்வர். எம் விருந்தில் அண்டைவீட்டு மூதாட்டியார் கொடுத்த கொய்யா சீஸை முதிர்ந்த செடாருடன் வைத்தோம். முதலில் தீர்ந்தது அதுவே.

அடுக்கும் முறையில் பெரும் மறைபொருள் ஒன்றும் இல்லை. பாற்கட்டிகளை முதலில் இடம்விட்டு நிறுத்தி, கிண்ணங்களை வைத்து, பழங்களால் இடைவெளியை நிரப்பி, பருப்பைக் கடைசியில் தூவுக. மெல்லிய சுவையிலிருந்து கடுஞ்சுவைக்குச் செல்லும் வரிசையில் வைத்தால், உண்பார் வழியறிந்து செல்வர். ஒவ்வொன்றுக்கும் தனிக்கத்தி வேண்டும். நீலத்தில் தோய்ந்த கத்தி பிரீயைத் தொட்டால் பிரீயின் கதை முடிந்தது. கடினமானவற்றில் பாதியை முன்னரே அறுத்து வைத்தல் நம் ஊருக்கு ஏற்றது. முழுக்கட்டியைக் கண்டு, முதற்கத்தி தாம் வைத்தல் தகுமோ என்று கூசி நிற்போர் நம்முள் மிகுதி. ஆப்புவடிவத் துண்டை அறுக்கும்போது கூர்முனையைக் குறுக்கே வெட்டலாகாது. நடுப்பகுதியே பலரும் விரும்பும் பகுதி. அதனை ஒருவரே கொண்டுசென்றால் பின்வருவார்க்குத் தோலே எஞ்சும். முனையிலிருந்து தோல்வரை நீளவாக்கில் அறுத்தால் ஒவ்வொருவர்க்கும் இரண்டும் கிட்டும்.

கருவுற்ற மகளிர் வெண்பூஞ்சணம் போர்த்த மென்கட்டிகளையும், மென்மையான நீலத்தையும், காய்ச்சாத பாலால் ஆனவற்றையும் விலக்க வேண்டும். 'லிஸ்டீரியா' என்னும் நுண்ணுயிர் குளிர்ப்பெட்டியிலும் வளரவல்லது. தாய்க்குச் சிறு காய்ச்சலாய்த் தோன்றினும் கருவைச் சிதைக்கக்கூடியது. செடார் போன்ற கடினமானவை அவர்க்குத் தீங்கு செய்யா. பால் ஒவ்வாதார்க்கும் ஓராறுதல் உண்டு: நன்கு முதிர்ந்த கட்டியில் பாற்சர்க்கரை பெரும்பாலும் அற்றுப்போயிருக்கும். குருதியழுத்தம் உடையார் உப்பை எண்ணி அளவாக உண்க. என் தமக்கை அப்போது ஆறு திங்கட் கருவுற்றிருந்தமையின், அவளுக்கென ஒரு சிறு தட்டில் செடாரும் கவுடாவும் கொய்யா சீஸும் தனியே எடுத்து வைத்தோம்.

எஞ்சியதை நெகிழியில் இறுகச் சுற்றினால் வியர்த்துக் கெடும். மெழுகுத்தாளிலோ வெண்ணெய்த்தாளிலோ சுற்றி, மூடியுள்ள பெட்டியில், குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க. வெளியில் நெடுநேரம் நின்ற மென்கட்டியை மட்டும் இரக்கமின்றி எறிந்துவிடுக. உறுதியானவற்றின் சிதறல்களைச் சேர்த்து, வெண்ணெயும் இடித்த மிளகும் கூட்டிப் பிசைந்து கிண்ணத்தில் அழுத்தி வைத்தால் நான்கு நாள் நிற்கும். மறுநாட் காலையில் என் ஆயா அக்கலவையைக் கல்லில் கிடந்த தோசைமேல் தடவி, மடித்து, எல்லோர்க்கும் முன்னதாகத் தாமே ஒன்றை உண்டார்கள்.